கைபட்ட கல்லும் கைபடாத கல்லும்

(நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மாணவர் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

வெள்ளி விழாவில் வாழ்த்துரை வழங்க வேண்டுமென்று கழகத்தார் என்னைக் கேட்டுக் கொண்டனர். வாழ்த்துவதற்கு என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இம்மேடையில் இருக்கின்றனர். நானோ கரும்பலகையின் முன் நின்றே காலம் கழித்தவன். ஆகையால் வாழ்த்துரைக்குப் பதிலாக ஒரு பாடம் நடத்த இசைவு கேட்டேன், மகிழ்ச்சியுடன் தந்தார்கள். பாடத்தின் பெயர் ‘தொல்லியலும் தொல்லுயிரியலும்’. பெயரில் இவை அண்ணன் தம்பி போலத் தோன்றினும் தொழிலில் வேறு வேறானவை. இந்த வேறுபாட்டை நான் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. என் மாணவி ஒருத்தியிடம் கற்றேன். அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பெட்டியும் ஒரு கேள்வியும்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கண்ணாடி போட்ட காட்சிப் பெட்டி ஒன்றிருந்தது. மாணவர்கள் கொண்டுவரும் பழம்பொருள்களை அதில் அடுக்கி வைப்பது வழக்கம். அரியாங்குப்பத்துப் பக்கமிருந்து வந்த மாணவன் ஒருவன் பழைய பானை ஓடுகள் சிலவற்றைக் கொண்டுவந்தான். செம்மண் லாரியில் கூலி வேலை பார்த்த ஒருவருடைய மகள், தன் தந்தை மண்ணில் கண்டெடுத்தது என்று சொல்லி, மரக்கட்டை போன்ற ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். கண்ணுக்கு அது மரம். கையில் எடுத்தால் கல். நான் இரண்டையும் அருகருகே வைத்து, ‘பழங்காலப் பொருள்கள் – அரிக்கமேடு’ என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் பெட்டியின் முன் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, “சார், பானையைச் செய்தவர் குயவர். இந்தக் கட்டையைச் செய்தவர் யார்?” என்று கேட்டாள்.

“பழங்காலத்துத் தச்சராக இருக்கலாம் அம்மா” என்றேன்.

“உளி பட்ட தடம் ஒன்றுகூட இல்லையே, சார்?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போ” என்று அனுப்பிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துத் திருவக்கரைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே தரையெங்கும் கிடந்த கல்மரங்களைக் கண்டவுடன் அந்தப் பெண்ணின் முகம் என் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்ததும் வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும், “நான் சொன்னது தவறு. அந்தக் கட்டையை எவரும் செய்யவில்லை. அது ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரம்” என்று கூறி, அட்டையைக் கிழித்து இரண்டு அட்டைகள் எழுதினேன்.

செல்வங்களே! அந்தப் பெண் கேட்ட கேள்விதான் இன்றைய பாடம் முழுவதும். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பொருள் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, ‘இதில் மனிதனுடைய கை பட்டிருக்கிறதா?’ என்பதே. கை பட்டிருந்தால் அது தொல்லியலைச் சேர்ந்தது. பானை, மணி, காசு, செங்கல், கல்வெட்டு, அடுப்புச் சாம்பல் என மனிதன் செய்தவை, பயன்படுத்தியவை, எறிந்தவை யாவும் தொல்லியலின் சொத்து. மனிதன் தொடர்பின்றி இயற்கையில் வாழ்ந்து மடிந்த மரம், சங்கு, மீன், விலங்கு ஆகியவற்றின் எச்சம் கல்லாகிக் கிடைத்தால், அதைப் புதைபடிவம் என்கிறோம். புதைபடிவங்களைக் கொண்டு பண்டைய உயிர்களின் வரலாற்றை ஆராய்வது தொல்லுயிரியல். திரைப்படங்களைப் பார்த்துவிட்டுத் தொல்லியல் அறிஞர் டைனோசாரைத் தோண்டுகிறார் என்று பலர் எண்ணுகின்றனர். டைனோசாரைத் தேடுபவர் தொல்லுயிரியல் அறிஞர். தொல்லியல் அறிஞருக்கு அங்கே வேலையில்லை.

கைபடாத கல்

இவ்விரண்டையும் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் சங்கராபரணி ஆறு ஒன்றே போதும். செஞ்சிப் பக்கமிருந்து வரும் அந்த ஆறு திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூரைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகிறது. மேலே திருவக்கரையில் தொல்லுயிரியல். கீழே, அதன் கிளையாகிய அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டில் தொல்லியல். ஒரே ஆறு இரு பாடங்களை நடத்துகிறது.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. காளி கோயிலுக்காக அங்குச் செல்வோர் பலர். கோயிலுக்கு அருகிலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. சோனெரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781ஆம் ஆண்டிலேயே இக்கல்மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை. ஏறக்குறைய 200 மரங்கள் அங்குக் கிடக்கின்றன. 15 மீட்டர் வரை நீண்டு கிடப்பவையும் அவற்றுள் உண்டு.

மரம் கல்லாவது எப்படி? பெருவெள்ளம் மரங்களை அடித்துக் கொண்டுவந்து மணலில் புதைக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தில் மரம் எளிதில் மக்குவதில்லை. சிலிக்கா என்னும் மணற்சத்துக் கரைந்த நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறுகிறது. மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அந்த இடத்தில் மணற்சத்துப் படிகிறது. மரம் போய்விட்டது, ஆனால் அதன் வரி, வளையம், கணு எல்லாம் கல்லில் அப்படியே நிற்கின்றன. அங்குக் கிடக்கும் மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. ஆகவே அவை அங்கே வளர்ந்தவை அல்ல. வேறிடத்திலிருந்து வெள்ளத்தில் வந்தவை என்று அறிஞர் முடிவு செய்தனர். கிடந்த கோலத்தைக் கொண்டே வந்த வழியைச் சொல்லிவிட்டார்கள் பாருங்கள்! நுண்ணறைகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, புளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சார்ந்த மரங்களும் அங்கு உண்டு என்று கண்டிருக்கிறார்கள்.

இதனினும் பழமையானது நம் சேதராப்பட்டு. இன்று தொழிற்பேட்டைக்குப் பெயர் பெற்ற அந்த ஊரும் அதற்கு அருகிலுள்ள வழுதாவூர்ப் பகுதியும் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தவை. அந்தக் கடலில் வாழ்ந்த சங்கு, சிப்பி, அம்மோனைட் ஆகியவற்றின் படிவங்கள் அங்குள்ள பாறைகளில் கிடைக்கின்றன. அம்மோனைட் என்பது சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான ஒரு கடலுயிர்; இன்று அந்த இனமே உலகில் இல்லை. சிலர் வீடுகளில் வழிபடும் சாளக்கிராமக் கல்லில் காணும் சுருளும் அம்மோனைட்டின் பதிவே. சென்னை அரசாங்கத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரிப் பகுதியில் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் இலண்டனில் ஆராய்ந்து 1846ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். அன்று முதல் புதுச்சேரி என்னும் பெயர் தொல்லுயிரியல் நூல்களில் இடம் பெற்றிருக்கிறது. நம் ஊரின் பெயரை உலக அறிஞர் அறியக் காரணமாயிருந்தவற்றுள் கல்லாகிப் போன சிப்பிகளும் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

கைபட்ட கல்

இனி ஆற்றின் வழியே கீழே வருவோம். அரிக்கமேட்டின் கதை உங்களைப் போன்ற சிறுவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் புதுச்சேரியில் வாழ்ந்து தென்னாட்டு வரலாற்றை ஆராய்ந்து வந்தார். மேட்டில் மழை பெய்து மண் கரையும்போது வெளிப்படும் வண்ண மணிகளையும் கற்களையும் அவ்வூர்ச் சிறுவர் பொறுக்கி வைத்திருந்தனர். 1937ஆம் ஆண்டில் அவற்றை அவர் வாங்கிப் பார்த்தபோது, ஒரு மணிக்கல்லில் ஒரு மனிதனின் தலை செதுக்கப்பட்டிருந்தது. அது உரோமப் பேரரசன் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கண்டுகொண்டார். தென்னங்கீற்று நிழலில் விளையாடிய பிள்ளைகளின் கையில் உரோமபுரிப் பேரரசன் இருந்திருக்கிறான்!

அதன்பின் 1945ஆம் ஆண்டில், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் தோண்டினார். இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட செந்நிற மட்கலங்கள் கிடைத்தன. மது, ஒலிவ எண்ணெய் முதலியவற்றை ஏற்றி வந்த ஆம்போரா என்னும் இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. தமிழி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன; முடிந்த மணிகள் மட்டுமன்றி, பாதி செய்த மணிகளும், துளையிடும்போது உடைந்த மணிகளும், செய்யுங்கால் விழுந்த கழிவுகளும் கிடைத்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால், எங்கிருந்தோ வாங்கி வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். கழிவும் உடன் கிடந்ததால்தான் மணி செய்த தொழிலாளர் அங்கேயே வாழ்ந்தனர் என்று உறுதியாயிற்று. தொல்லியலில் குப்பைக்கும் மதிப்புண்டு. பல நேரங்களில் குப்பைக்கே மதிப்பு மிகுதி.

வீலர் ஓர் அரிய செயலைச் செய்தார். இத்தாலிய மட்கலங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. அதே மண்ணடுக்கில் உடன் கிடந்த நம் நாட்டுப் பானைகளுக்கும் அதைக் கொண்டு காலம் குறித்தார். தென்னிந்திய அகழாய்வுகளுக்கு அது ஒரு திறவுகோலாயிற்று. ஆயினும், உரோமரோடு நடந்த வணிகத்தால் உண்டான ஊர் அரிக்கமேடு என்பதுபோல் அவர் கருதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது, அந்த வணிகம் தொடங்குவதற்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதும், அது ஓய்ந்த பின்னும் ஊர் நெடுங்காலம் நிலைத்தது என்பதும் தெளிவாயின. யவனர் வந்து ஊரை உண்டாக்கவில்லை. ஊர் இருந்தது, யவனர் வந்தனர்! பெரிய அறிஞர் சொன்னதையும் மண் திருத்தும். மண்ணின் முன் அறிஞரும் மாணவரே.

காலத்தை அளக்கும் கோல்

இரு துறையினரும் மண்ணையும் பாறையையும் அடுக்கடுக்காகப் படிக்கின்றனர். அடுக்குக் குலையாதிருந்தால், கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது என்னும் விதி இருவருக்கும் பொது. ஆனால் கால அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. கரி, எலும்பு, தானியம் போன்ற உயிர்ப்பொருள்களில் உள்ள ஒருவகைக் கரிமம் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதை அளந்து ஏறக்குறைய 50,000 ஆண்டு வரை காலம் சொல்லலாம். தொல்லியலார் பெரிதும் நம்புவது இதனையே. திருவக்கரை மரத்துக்கு இம்முறை உதவாது. அதில் அளப்பதற்குக் கரிமம் மிஞ்சியிராது. கோடி ஆண்டுகளை அளக்க, எரிமலைப் பாறைகளில் உள்ள கதிரியக்கத் தனிமங்களையும், எந்தப் படிவம் எந்தக் காலத்துக்கு உரியது என்னும் ஒப்பீட்டையும் தொல்லுயிரியலார் கையாளுகின்றனர்.

இந்த வேறுபாடு மனத்தில் பதிய ஒரு கணக்குச் செய்வோம். நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே நின்று கொள்ளுங்கள். 2,000 ஆண்டுகளை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் அரிக்கமேட்டுக்கு உரோமக் கப்பல் வந்த காலம் உங்கள் கால் பெருவிரலிலிருந்து ஒரே ஒரு சென்டிமீட்டர்! திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலத்தார் கற்கோடரி செய்தது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அது ஏழரை மீட்டர். திருவக்கரை மரங்கள் நின்ற காலத்தைக் காண 100 மீட்டர் நடக்க வேண்டும். டைனோசார்கள் அழிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அதற்கு 330 மீட்டர். சேதராப்பட்டுக் கடலைக் காண 350 மீட்டர். மனிதனும் டைனோசாரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மயங்கும் இடங்கள்

நன்று. இனி நான் கேட்கிறேன். நீங்கள் விடை சொல்லுங்கள். ஒரு மனித எலும்பு கிடைக்கிறது. எலும்பு உயிரின் எச்சமாயிற்றே, அது தொல்லுயிரியலா? நம் பகுதியிலேயே சுட்டுக்கேணி, முத்திரப்பாளையம் ஆகிய இடங்களில் பழங்கால ஈமக்காடுகளைக் கசால் ஆராய்ந்தார். தாழியிலோ பேழையிலோ எலும்பை வைத்து, அருகில் பானையும் இரும்புக் கருவியும் வைத்துப் புதைத்தவர் யார்? இறந்தவருக்கு வேண்டியவர்கள். அங்கே கை பட்டிருக்கிறது, அன்பும் பட்டிருக்கிறது. ஆகவே அது தொல்லியல்.

ஒரு வெறும் கல் கிடைக்கிறது. 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அத்தகைய ஒரு கல்லைக் கண்டார். அவர் பாறைகளை ஆராயும் துறையைச் சேர்ந்தவர். ஆயினும் அந்தக் கல்லின் விளிம்பு தானாக உடைந்ததன்று, ஒருவன் தட்டிச் செதுக்கியது என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்து வளர்ந்தது. என் மாணவி ‘உளித்தடம் இல்லையே’ என்றாள். ஃபூட் ‘தட்டிய தடம் இருக்கிறதே’ என்றார். இருவர் பார்வையும் ஒன்றே.

இன்னொன்று. சேதராப்பட்டுச் சங்குப் படிவம் ஒன்றை ஒருவன் எடுத்துத் துளையிட்டுக் கழுத்தில் அணிந்துகொண்டான் என்று வைத்துக் கொள்வோம். சங்கு தொல்லுயிரியலுக்கு உரியது. துளை தொல்லியலுக்கு உரியது! இவ்வாறு இரு துறையினரும் கூடி ஆராய வேண்டிய பொருள்களும் உண்டு.

அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஏரி மண்ணிலிருந்து பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசார் முட்டைகள் என்று செய்தி பரவி மக்கள் திரண்டனர். நிலவியலாளர் வந்து பார்த்தபோது, அவை முட்டைகள் அல்ல. பழைய கடலடியில் அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றி இறுகிய படிவுகள் என்று தெரிந்தது. ஆசை கண்ணை மறைக்கும். ஆராய்ச்சி கண்ணைத் திறக்கும்.

இதனால் நமக்கு என்ன?

பெரியோர்களே! ‘வயிற்றுப் பாட்டுக்கும் வீட்டு மனைக்கும் போராடும் நம் பிள்ளைகளுக்குப் பானை ஓடும் கல்மரமும் எதற்கு?’ என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நான் படித்த காலத்தில் ஒருவர் என்னிடம், “உங்கள் சேரிக்கு ஏதப்பா வரலாறு?” என்று கேட்டார். நகைப்புக்காகத்தான் கேட்டார். எனக்கோ அன்றிரவு உறக்கமில்லை. அவர் கேட்டதற்கு இன்று அமைதியாக விடை சொல்ல எனக்குத் தெரியும்.

செப்பேடும் மெய்க்கீர்த்தியும் அரசர்க்கும் செல்வர்க்கும் உரியவை. நம் பாட்டன் வீட்டில் செப்பேடு இல்லை. அடுப்பு இருந்தது, பானை இருந்தது, அரிவாள் இருந்தது, பிள்ளைக்குக் கட்டிய மணி இருந்தது. தொல்லியல் அறிஞர் குழிக்குள் முழந்தாளிட்டுத் தூரிகையால் மண்ணை நீக்கித் தேடுவது அந்த அடுப்பையும் பானையையும் மணியையுமே. ஏடுகள் மறந்த மக்களை மண் மறக்கவில்லை. உழைத்தவனுக்கு வரலாறு உண்டு. அது எழுதப்பட்டிருக்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

அதே தொல்லியல் நமக்குக் கசப்பான செய்தியையும் தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில், வரிக் கணக்கில் கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், ‘பறைச்சேரி’ என்றும் ‘தீண்டாச்சேரி’ என்றும் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இனிப்பை ஏற்றுக் கசப்பை மறைப்பது ஆராய்ச்சியன்று. அந்தச் சொற்கள் அங்கே இருக்கின்றன என்று நாமும் அறிய வேண்டும்; நாடும் அறிய வேண்டும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல விரும்புகிறேன். அரிக்கமேட்டுப் பானையில் பெயர் எழுதியவர் நம்மவரே என்று மேடையேறி முழங்காதீர்கள். பிறர் தமக்கென்று முழங்கினாலும் நம்பாதீர்கள். அந்த ஓடுகளில் பெயர் இருக்கிறது. எழுதியவர் எந்தக் குலத்தவர் என்று கண்டுகொள்ள வழியில்லை. அதனாலேயே அக்காலத்தில் உயர்வு தாழ்வு இருந்ததில்லை என்று முடிவு கட்டுவதும் கூடாது. கிடைத்த சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்ல வேண்டும். நமக்கு எதிராகக் காலமெல்லாம் சான்றில்லாக் கதைகள் சொல்லப்பட்டன. அவற்றை வெல்ல நாமும் சான்றில்லாக் கதைகளைக் கட்டினால், கதை வல்லவனே வெல்வான், உண்மை வெல்லாது. நமக்குத் துணை உண்மை ஒன்றே.

தொல்லுயிரியல் தரும் பாடமோ வேறு. கடற்கரைச் சாலையில் நாம் போட்ட கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ‘தீண்டாச்சேரி’ என்ற சொல் தஞ்சைக் கல்லில் ஏறியது உங்கள் கால் விரலிலிருந்து அரை சென்டிமீட்டர் தொலைவில். சேதராப்பட்டுச் சிப்பி கிடப்பதோ 350 மீட்டர் தொலைவில். இந்த ஏற்றத்தாழ்வு என்றும் உள்ளது, இயற்கையானது, மாற்ற முடியாதது என்று எவரேனும் சொன்னால், அந்தச் சாலையைக் காட்டுங்கள். கடலே விலகித் தரையாகியிருக்கிறது. மனிதர் போட்ட வேலி விலகாதா?

ஒரு பொருளில் மனிதன் கை பட்டதா என்று தேடி, பட்டதென்று கண்டால் அதைப் பஞ்சில் வைத்துப் போற்றுகிறது தொல்லியல். எந்தக் கை பட்டால் தீட்டு என்று ஒதுக்கினார்களோ, அந்தக் கையின் தடத்தையும் அது அவ்வாறே போற்றும். இதை நான் உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

செய்ய வேண்டியவை

இறுதியாகச் சில சொற்கள். அரிக்கமேட்டுக்கும் திருவக்கரைக்கும் செல்லுங்கள். ஆனால் ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதனினும் பெரிய குற்றம், கிடந்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் அந்தப் பொருள் ஊமையாகிவிடும். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதே அதன் பேச்சு. நான் வைத்திருந்த காட்சிப் பெட்டியும் அந்த வகையில் தவறே; இன்றானால் நான் அதை வைக்க மாட்டேன். கிணறு தோண்டும்போதோ மனை கடைக்கால் எடுக்கும்போதோ ஏதேனும் கிடைத்தால், இடத்தைக் கலைக்காமல் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். அரிக்கமேட்டுப் பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கண்ணாரக் காணலாம்.

அடுத்து, படிப்பு. மருத்துவமும் பொறியியலும் நன்றே. ஆனால் அவை மட்டுமே கல்வி அல்ல. நிலவியல் பயின்றால் தொல்லுயிரியலுக்கு வழி உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. வரலாறு பயின்றால் தொல்லியலுக்கு வழி உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் துறைகள் இருக்கின்றன. நம் புதுவைப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறையும் வரலாற்றுத் துறையும் உள்ளன. அகழாய்வுக் குழியில் முதலில் மண்வெட்டி பிடிப்பவர் அந்தந்த ஊர்க் கூலியாள். அறிக்கையில் பெரும்பாலும் அவர் பெயர் இராது. நம்மவர் குழிக்குள் மண் சுமந்தது போதும். அளவுகோல் பிடித்துக் குறிப்பெழுதி, அறிக்கையின் முதற்பக்கத்தில் பெயர் பொறிக்கும் காலம் வர வேண்டும். அன்று, மண் சுமந்தவர் பெயரையும் மறவாது எழுதுங்கள்.

அந்த மாணவி பின்னர் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிட்டது. குடும்பச் சூழ்நிலை. தடுக்க நானும் போதிய முயற்சி எடுத்துக் கொள்ளவில்லை என்பதை இந்த மேடையில் ஒப்புக் கொள்கிறேன். அவ்வளவு கூரிய கண் படைத்த ஒரு பெண்ணை ஒரு துறை இழந்துவிட்டது. அப்படி இன்னொரு பிள்ளை இழக்கப்படாதிருக்கவே இந்தக் கல்விக் கழகம் மாலைதோறும் விளக்கேற்றுகிறது.

கழகத்துக்கு வயது 25. நம் கணக்கின்படி அது எவ்வளவு தெரியுமா? ஒரு சென்டிமீட்டரை எண்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒரு தாளின் கனம். சிறியதுதான். ஆனால் அந்தத் தாள் தானாகப் படிந்ததன்று. நம் மக்களின் கைபட்டு உருவானது. அடுத்த தாளை எழுத வேண்டியவர்கள் இந்தப் பாயில் அமர்ந்திருக்கும் நீங்கள்.

கழகம் நீடு வாழ்க! கல்வி ஓங்குக!